முதலில் ராஜாவைத் தொட வேண்டும்

செகெட், ஹங்கேரி
6 அக்டோபர் 2024

துணை நடுவர் திருமதி கௌசல்யா அவர்களுக்கு,

பொருள்: மேல்முறையீடு.

"ஆட்சேபணை இருந்தா எழுத்துல குடுங்க சார்" என்று ஆகஸ்ட் மாதம் அத்தனை பேர் முன்னால் சொன்னாய். அப்போது கொடுக்கவில்லை, இப்போது கொடுக்கிறேன். இங்கே வந்த நாளிலிருந்து உன் போனை நான் எடுக்காததற்கும் இதுதான் காரணம். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பாதியில் சிரித்துவிடுவாய், அதோடு விஷயம் காணாமல் போகும். எழுத்தில் இருக்கட்டும்.

மேல்முறையீடு செய்பவர் நடந்ததை முதலிலிருந்து எழுத வேண்டும் என்பது உங்கள் நடைமுறை. எழுதுகிறேன். தேசியப் போட்டி, கடைசிக்கு முந்தைய சுற்று. கறுப்புக் காய்களுடன் நான், கிராண்ட்மாஸ்டர் சுருளிவேல், ஊர் வேடசந்தூர், வயது முப்பத்தாறு, உன் புருஷன். எதிரே ரயில்வேக்காரர். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் உலகக் கோப்பைக்குப் போகலாம். செஸ் ஆடி நான் போகாத இடம் என்றால் அது ஒன்றுதான் பாக்கி. தொடக்கம் என் வழக்கமான பிரெஞ்சுத் தற்காப்பு. ஆட்டம் என் கையில் இருந்தது, கடிகாரம்தான் இல்லை. கோட்டை கட்டி ராஜாவைப் பத்திரப்படுத்திவிட்டால் மிச்சத்தை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று, யானையைத் தூக்கி ராஜாவின் பக்கத்தில் வைத்தேன். ராஜாவை அதைத் தாண்டி வைத்தேன்.

முதலில் ராஜாவைத் தொட வேண்டும், அதன் பிறகுதான் யானை. யானையை முதலில் தொட்டவன் யானையை மட்டும்தான் நகர்த்தலாம், கோட்டை கட்ட முடியாது. இது தெரியாதவன் இல்லை நான். ரயில்வேக்காரர் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். இருபது வருடம் சேர்ந்து ஆடியவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் மரியாதை அது. அவரே கேட்காததை, என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ராஜாவ முதல்ல தொடணும் சார். யானைய நகத்துங்க."

நகர்த்தினேன். ராஜா நடுவிலேயே மாட்டிக்கொண்டு செத்தான். ஐந்தாவது இடம்.

இதற்கு மேல்முறையீடு கிடையாது. நீ சொன்னது சரி. என் வழக்கு வேறு. அன்று மாலை ஹோட்டலில் உன் அறைக்கு வந்தேன். நீ நடுவராக இருக்கும் போட்டியில் நான் ஆடினால், முடியும்வரை தனித்தனி அறை, பேச்சு கிடையாது, ஒரு மேசையில் சாப்பாடு கிடையாது என்பது கல்யாணமான நாளிலிருந்து நமக்குள் இருக்கும் ஏற்பாடு. அதை நான் மீறியது அந்த ஒரு நாள்தான். கதவைத் தட்டினேன். "கௌசி, நாந்தான்" என்றேன். உள்ளே விளக்கு எரிந்தது. கதவுக்கு அடியில் உன் நிழல் தெரிந்தது. நீ அங்கேதான் நின்றாய், ஆனால் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? அதுதான் என் மேல்முறையீடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே கிளப்பில் மூன்று வருட ஒப்பந்தம் தருகிறார்கள். ஆட வேண்டும், பயிற்சியும் தர வேண்டும். ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஊருக்கு வந்து கட்டினவள் வாயால் "சார்" என்று கேட்பதற்கு இங்கேயே கிடக்கலாம் என்று தோன்றுகிறது.

இப்படிக்கு,
மேல்முறையீட்டாளர்
சுருளிவேல்

பின்குறிப்பு: மோட்டார் காற்று வாங்கினால் வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓட்டு. வெறுமனே ஓட்டிக் கருக்கிவிடாதே.


பேகம்பூர், திண்டுக்கல்
22 அக்டோபர் 2024

மாமாவுக்கு,

மேல்முறையீடு கிடைத்தது. ஆட்டம் முடிந்த கையோடு கொடுத்திருக்க வேண்டும், கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. தள்ளுபடி செய்ய எனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் கணக்குப் பரீட்சைத் தாள்களுக்கு நடுவே வைத்து அதை நாலு தடவை படித்துவிட்டேன், அதனால் விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

மோட்டாரைக் கருக்கவில்லை. கருகியிருந்தால் நீங்கள் போன் செய்து திட்டுவீர்களே என்று ஒரு நாள் ஆசைகூட வந்தது.

போனை எடுக்காவிட்டால் எனக்கு உங்களைப் பற்றித் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? உங்கள் கடிதம் வர இரண்டு வாரம். உங்கள் ஆட்டம் வர ஒரு நொடி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் ஹங்கேரி லீக் முழுக்க நேரலையில் வருகிறது. நீங்கள் ஒரு காயைத் தள்ளினால் இங்கே பேகம்பூரில் தள்ளுகிறது. நீங்கள் என்ன ஆடுகிறீர்கள் என்று பார்த்தாலே எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியும். மனசு நன்றாக இருந்தால் பிரெஞ்சில் வினாவர் வகை ஆடுவீர்கள். எதிராளியின் ராணி உள்ளே வந்து வீட்டைக் கலைத்துப் போட்டாலும் போடட்டும் என்று திறந்து விட்டு ஆடும் ஆட்டம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் ரூபின்ஸ்டைன். எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காமல், கைகுலுக்கிவிட்டுப் போகலாம். இந்த மாதம் உங்கள் கறுப்பு ஆட்டம் எல்லாமே ரூபின்ஸ்டைன். சரிதான் என்று எழுந்துபோய் பாத்திரம் துலக்கினேன்.

வேடசந்தூர் போய் அத்தையைப் பார்த்தேன். தீபாவளி நெருங்குவதால் அய்யலூர்ச் சந்தையில் இரண்டு கிடாய்களைக் கொடுத்துவிட்டு நல்ல விலை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார்கள். நம் விவகாரம் அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது.

"யானையத் தொட்டா என்ன, ராசாவத் தொட்டா என்ன? ரெண்டும் அவன் சாமான்தான? எடுத்து வைக்க உங்கிட்டக் கேக்கணுமாக்கும்?" என்றார்கள்.

"ஆமாத்தை, கேக்கணும்" என்றேன்.

"அப்ப அவன் ஒன் போன எடுக்காததும் சரிதேன்" என்று சொல்லிவிட்டு, இலை போட்டு, "வெஞ்சனம் இன்னும் வச்சுக்கடி, எலும்புந் தோலுமா வந்து நிக்கிற" என்று அள்ளி அள்ளி வைத்தார்கள். தீர்ப்பு எனக்கு எதிராக, சாப்பாடு எனக்குச் சாதகமாக.

கதவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவை கிழித்தேன். இப்போது எழுத வரவில்லை. எழுதுவேன்.

மூன்று வருடம் என்று எழுதியிருப்பதை நான் படிக்காத மாதிரி வைத்துக்கொள்கிறேன்.

கௌசல்யா


செகெட்
9 நவம்பர் 2024

கௌசிக்கு,

நீ ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. போன ஞாயிறு மூன்றாவது நகர்வில் ரூபின்ஸ்டைனுக்குக் கை போனது. 'இதோ, மூஞ்சியைத் தூக்கிக்கொண்டான்' என்று நீ சொல்வது காதில் விழுந்தது. வீம்புக்கு வேறு எதையோ ஆடி, நல்ல உதை வாங்கினேன். பார்த்திருப்பாய்.

நான் தங்கியிருப்பது ஒரு ரொட்டிக்கடையின் மாடி. கடைக்காரர் யானோஷ் எங்கள் அணியில் ஆறாவது போர்டில் ஆடுகிறவர். காலையில் ரொட்டி சுடுகிற வாசம் மேலே வரும், ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி என் கதவுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். நல்ல மனிதர். கறிவேப்பிலை மட்டும் இந்த ஊரில் கிடைக்காது. ரசம் வைத்தால் சுடுதண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இங்கே உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் பேட்டிக்கு வந்தாள். இருபத்தைந்து வருடமாகக் கறுப்பில் ஏன் பிரெஞ்சு மட்டுமே ஆடுகிறீர்கள், அது உங்கள் குணத்துக்கு ஏற்றதா என்று கேட்டாள். பெரிதாக ஏதோ சொல்லி அனுப்பினேன். உண்மை உனக்குத் தெரியும். நானும் காத்தமுத்துவும் ஆறாவது படிக்கும்போது பழைய பேப்பர் கடையில் ஒரு செஸ் புத்தகம் எடுத்தோம். யார் வீட்டில் வைப்பது என்று சண்டை வந்து, நடுவில் கிழித்து ஆளுக்குப் பாதி. அவனுக்கு வந்த பாதியில் விதிமுறைகள் எல்லாம் இருந்தன. எனக்கு வந்த பாதியில் பிரெஞ்சுத் தற்காப்பு முழுதாக இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் மாநிலப் பட்டம், பத்தொன்பதில் இன்டர்நேஷனல் மாஸ்டர், இருபத்து நாலில் ஸ்பெயினில் மூன்றாவது நார்ம், அதோடு கிராண்ட்மாஸ்டர் பட்டம். வெள்ளைக் காய்க்கு வேண்டுமானால் கேடலான் என்று அப்புறம் ஒன்றைக் கற்றுக்கொண்டேன், அது படித்து வந்தது. பிரெஞ்சு பசியில் வந்தது.

விதிகள் இல்லாத பாதி என்பதால், கோட்டை கட்டுவதை மில் குடியிருப்பில் பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்து எடுத்துக்கொண்டேன். அங்கே எல்லோரும் யானையை வைத்துவிட்டு ராஜாவை அதன் தலைக்கு மேல் தாண்ட வைப்பார்கள். பிறகு எவ்வளவோ திருத்திக்கொண்டேன். நிதானமாக இருந்தால் சரியாகச் செய்கிறேன். அவசரம் வந்தால் கை பழைய மில் குடியிருப்புக்குப் போய்விடுகிறது.

ஆனால் இதில் ஒரு கூத்து இருக்கிறது, கவனித்தாயா? பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் திண்டுக்கல் மாவட்டப் போட்டியில் நான் இதே தப்பைச் செய்தபோது, புதிதாக நடுவராகி வந்த ஒரு டீச்சர், "ராஜாவ முதல்ல தொடணும் சார்" என்றாள். நீ என்னிடம் முதன்முதலாகப் பேசிய பேச்சே அதுதான். கிராண்ட்மாஸ்டரிடம் போய்ச் சொல்கிறாளே என்று அன்றைக்கே விழுந்துவிட்டேன். ஆகஸ்டில் நீ அதே வார்த்தைகளைச் சொன்னபோது எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் அந்தத் திண்டுக்கல் மண்டபம்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் மாலையில் உன் கதவுக்கு வந்தேன். சண்டை போட வரவில்லை, கௌசி. தோற்றுவிட்டேன், உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான்.

கதவைப் பற்றி எழுது.

சுருளி


பேகம்பூர்
26 நவம்பர் 2024

மாமாவுக்கு,

மூன்று விஷயம் இருக்கிறது, லேசானதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன சனிக்கிழமை வேடசந்தூரில் பள்ளிகளுக்கான போட்டி. ஒரு அம்மா தன் பிள்ளை காயைத் தொடவே இல்லை என்று சண்டைக்கு வந்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் அவரைப் பிடித்து இழுத்து, "அக்கா, இந்தம்மாகிட்ட வாயக் குடுக்காதீங்க. புருசனையே தூக்குன அம்மா" என்றார். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். நீங்கள் தோற்றதில் எனக்கு இப்படி ஒரு மரியாதை.

காத்தமுத்து அண்ணனையும் அங்கேதான் பார்த்தேன். மில் பஸ் ஓட்டுகிறார். உங்கள் கடிதத்தில் இருந்த கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் தன் பாதிப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து நம் தெருமுனை அப்பாஸ் பாய் டீக்கடையில் கொடுத்து வைத்திருந்தார். "அவன்கிட்டச் சொல்லு தங்கச்சி, சண்ட முடிஞ்சதுன்னு" என்றாராம். இத்துடன் இருக்கிறது. கோட்டை கட்டும் விதி. இருபத்தைந்து வருடம் தாமதமாக.

இப்போது கதவு.

தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டுதான் நின்றேன். நீங்கள் பார்த்த நிழல் நான்தான். மற்ற நடுவர்களுக்கும் ரயில்வேக்காரரின் ஆட்களுக்கும் அதே மாடியில்தான் அறை. மறுநாள் உங்களுக்குக் கடைசிச் சுற்று இருந்தது. உங்கள் பெயரோடு என் பெயரைச் சேர்த்து யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். இதெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லும் காரணம், பொய்யும் இல்லை. உங்களுக்குச் சொல்லும் காரணம் வேறு. திறந்திருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்திருப்பேன். பார்த்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். அது தப்பில்லை மாமா. உங்களுக்காக அதைத் தப்பாக்க எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்த நிமிடத்தில் எனக்கு அப்படி ஆக்கிவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

நீங்கள் போன பிறகு திறந்தேன். நடையில் யாரும் இல்லை. லிப்ட் கீழே போய்க்கொண்டிருந்தது. அங்கேயே நின்று அழுதேன். அதைச் சொல்ல ஊருக்கு வந்ததும் வாய் வரவில்லை. நீங்களும் "தண்ணி வந்துச்சா" என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

மூன்றாவது: பிப்ரவரியில் நடக்கப்போகும் தேசியப் போட்டிக்கு என்னைத் தலைமை நடுவராகக் கேட்டிருக்கிறார்கள். தலைமை நடுவர், மாமா. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் ஆடுவீர்களா, அங்கேயே இருப்பீர்களா என்று தெரியாமல் எனக்கு எதையும் யோசிக்க முடியவில்லை.

கௌசல்யா


செகெட்
16 டிசம்பர் 2024

கௌசிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. "நீங்கள் போன பிறகு திறந்தேன்" என்ற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வந்தேன். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. நேற்று நடந்ததைச் சொன்னால் பதிலும் சேர்ந்து வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நேற்று லீக் ஆட்டம். என் எதிரே ஒரு பல் டாக்டர். வயதானவர், நல்ல மனிதர், ஒவ்வொரு வருடமும் அந்த எதிரணிக்கே ஆடுகிறவராம். நான் வெள்ளைக் காய், கேடலான். அவருடைய ராஜா நடுவில் நின்றது, என் மந்திரி இரண்டும் அதன் மேல் கண் வைத்திருந்தன. அவசரத்தில் அவர் யானையை எடுத்து வைத்து ராஜாவைத் தாண்ட வைத்தார். என் மில் குடியிருப்பு ஆட்டம் அப்படியே. ஹங்கேரியிலும் ஒரு வேடசந்தூர் இருக்கிறது என்று சிரிப்பு வந்தது. அவரும் உணர்ந்துவிட்டார், காது சிவந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன், ரயில்வேக்காரர் எனக்குச் செய்த மாதிரி. நடுவர் காபிக் குவளையோடு எங்கள் பக்கத்தில்தான் நின்றார். அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராஜா பத்திரமாகப் போய் உட்கார்ந்தது. என் தாக்குதல் பிசுபிசுத்தது. டிரா.

பக்கத்தில் யானோஷ் ஐந்து மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தார். தோற்க வேண்டிய ஆட்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயித்தார். எழுந்து வந்து போர்டு போர்டாகக் கணக்குப் பார்த்தார். அணி அரைப் புள்ளி போதாமல் தோற்றிருந்தது. என்னுடைய அரைப் புள்ளி. என் தோளில் தட்டிவிட்டு ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு போனார். இன்று காலையிலும் கதவுப் பக்கத்தில் ரொட்டி இருந்தது. துணியைப் பிரிக்காமல் மேசை மேல் வைத்துவிட்டேன்.

எனக்குக் கோபம் யார் மேல் வந்தது தெரியுமா? பல் டாக்டர் மேல் இல்லை. அந்த நடுவர் மேல். உனக்குச் சம்பளம் கொடுத்து நிறுத்தியிருப்பது ஜன்னலைப் பார்க்கவா என்று அவர் சட்டையைப் பிடிக்கலாம் போல வந்தது. நான் கேட்டிருக்கலாம்தான். கேட்கக் கூச்சமாக இருந்தது. கூச்சப்படுகிறவனுக்காகத்தான் நடுவர் என்று ஒருவர் நிற்கிறார், இல்லையா? ஆகஸ்டில் அந்த ரயில்வேக்காரருக்கும் வீட்டில் பிள்ளைகுட்டிகள் இருக்கும், அவருக்கும் உலகக் கோப்பை ஆசை இருந்திருக்கும். அதைப் பற்றி நான் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

டாக்டர் கோட்டை கட்டிய அந்த நொடியில் நான் என்ன செய்தேன் என்று சொல்லவா? திரும்பிப் பார்த்தேன், கௌசி. என் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். நீ அங்கே நின்று சொல்லிவிடுவாய் என்று.

சுருளி

பின்குறிப்பு: காத்தமுத்துவின் தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். முகம் மழிக்கும்போதெல்லாம் படிக்கிறேன்.


பேகம்பூர்
2 ஜனவரி 2025

என் மாமாவுக்கு,

அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். திரையில் நகர்வு மட்டும்தான் வரும், கை வராது. கறுப்பு கோட்டை கட்டியது என்று வந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் நீங்கள் இருபது நிமிடம் ஒன்றும் ஆடாமல் உட்கார்ந்திருந்தீர்கள். என்ன ஆச்சு இவருக்கு என்று திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். என்னைத் தேடிக்கொண்டிருந்தீர்கள் என்று இப்போது தெரிகிறது.

முதலில் திட்டிவிடுகிறேன். கேட்பது உங்கள் உரிமை. கூச்சமாம் கூச்சம். கடைக்காரனிடம் ஐந்து ரூபாய் மிச்சம் கேட்க வராத கூச்சம் அங்கேயும் வந்துவிட்டது. யானோஷ் அண்ணனிடம் நடந்ததைச் சொல்லுங்கள். அவர் ரொட்டியை நிறுத்த மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது தீர்ப்பு. மேல்முறையீடு ஏற்கப்படுகிறது. போர்டில் சொன்னது சரி, கதவை மூடி வைத்தது தப்பு. ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அதை விதி தடுத்திருக்காது, தடுத்திருந்தாலும் நான் ஒரு தடவை மீறியிருக்கலாம், நீங்கள் மீறியது போல. நடுவர் தவறு என்று முடிவானால் பாதிக்கப்பட்டவருக்குக் கூடுதல் நேரம் வழங்கலாம். வழங்கப்படுகிறது. எவ்வளவு நேரம் என்பதை நேரில் வந்து கேட்டுக்கொள்ளவும்.

தேசியப் போட்டிக்கு நான் ஒத்துக்கொண்டுவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் ஒத்துக்கொண்டேன். நீங்கள் வந்து ஆடினால் மறுபடி தனி அறை, மறுபடி "சார்". அதை மாற்ற என்னால் முடியாது. எனக்குப் பிடித்த வேலை அது, மாமா. உங்களுக்குப் பிரெஞ்சு எப்படியோ அப்படி.

நான் படிக்காத மாதிரி வைத்துக்கொண்ட அந்த மூன்று வருடத்தைப் பற்றியும் இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த ஊர் உங்களுக்கு நல்லது செய்தால் இருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பெருந்தன்மையாக இருக்கும் என்று. எழுத வரவில்லை. எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திரையில் குதிரையும் யானையும் நகர்வதைப் பார்த்து உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டிருப்பது ஒரு குடித்தனமா? வந்துவிடுங்கள்.

வரும்போது ரூபின்ஸ்டைனை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் கௌசி


செகெட்
17 ஜனவரி 2025

கௌசி,

யானோஷிடம் சொன்னேன். என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் சேர்ந்து அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மாவுக் கையால் என் முதுகில் ஒரு அறை விட்டார். வலித்தது. சரியாகிவிட்டது.

மூன்று வருடம் வேண்டாம் என்று கிளப்பில் சொல்லிவிட்டேன். இந்த சீசனில் மிச்சம் இருக்கும் சில ஞாயிறுகளுக்கு வந்து ஆடிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று பேச்சு. காரணம் கேட்டார்கள். ஊரில் மோட்டார் காற்று வாங்குகிறது என்றேன்.

பிப்ரவரிப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். விமானம் நேரே போட்டி நடக்கும் ஊருக்குத்தான். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் முதலில் ஊருக்கு வராமல் என்ன ஆட்டம் என்று பிடித்துக்கொள்வாள். நீ தலைமை நடுவராக வா. நான் ஆட்டக்காரனாக வருகிறேன். பேச மாட்டேன், சாப்பாட்டு மேசைப் பக்கம் வரமாட்டேன், தட்ட மாட்டேன்.

சுருளி


ஹோட்டல் வரவேற்பறையில் கொடுத்து வைத்தது
9 பிப்ரவரி 2025

திரு. சுருளிவேல் அவர்களுக்கு,

நாளை காலை முதல் சுற்று. அதற்குப் பிறகு எழுத முடியாது என்பதால் இன்றே எழுதுகிறேன். என் அறை நானூற்றுப் பன்னிரண்டு. இதை நீங்கள் இப்போதைக்கு மறந்துவிட வேண்டும்.

கடைசிச் சுற்று முடிந்து, முடிவுத் தாளில் நான் கையெழுத்துப் போட்ட பிறகு நான் நடுவர் இல்லை. அப்போது அந்த எண் ஞாபகம் வந்தால் போதும்.

அத்தை கறிவேப்பிலையும் உப்புக்கண்டமும் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். "தோத்தாலும் குடு" என்றார்கள்.

கௌசல்யா


நான்காம் மாடி, நடை
20 பிப்ரவரி 2025

கௌசி,

சுவரில் தாளை வைத்து எழுதுகிறேன், கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன தடவை ஐந்து, இந்தத் தடவை நான்கு. உலகக் கோப்பை மறுபடியும் இல்லை. ஆனால் இந்தத் தடவை என்னை யாரும் தடுக்கவில்லை, முழுக்க முழுக்க நானாகவேதான் நான்காவதாக வந்தேன். வருத்தம் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் மாடி ஏறி வந்திருக்கிறேன்.

கடைசி ஆட்டத்தைப் பார்த்திருப்பாய். வினாவர். அவனுடைய ராணி உள்ளே வந்து ராஜா பக்கம் இருந்ததையெல்லாம் கலைத்துப் போட்டது, நான் மறுபக்கம் கோட்டை கட்டப் போனேன். கடிகாரத்தில் ஒன்றும் மிச்சமில்லை. நீ எனக்குப் பின்னால் வந்து நின்றாய். நடந்து வந்தபோது உன் வளையல் சத்தம் கேட்டது, நின்றதும் அது நின்றது. என் கை யானைப் பக்கம்தான் கிளம்பியது, கௌசி. பாதி வழியில் நிறுத்தினேன். ராஜாவைத் தொட்டேன். முதலில். நீ பேசாமல் அடுத்த போர்டுக்குப் போனாய், வளையல் மறுபடி சத்தம் போட்டது. ஆட்டம் டிரா. எனக்கு அது போதும் என்று அந்த நொடியில் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

கீழே முடிவுத் தாள் ஒட்டியாகிவிட்டது. உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பேனாவால் தேதி வரை போட்டிருக்கிறாய்.

உள்ளே விளக்கு எரிகிறது. கதவுக்கு அடியில் நிழல் தெரிகிறது. தட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதனால் இந்தத் தாளைக் கீழே தள்ளுகிறேன். எனக்குத் தர வேண்டிய கூடுதல் நேரத்தை வாங்கத்தான் வந்து நிற்கிறேன்.

சார் என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே.

சுருளி